ஏப்ரல் தண்ணீரை யார் எடுப்பது?

தில்லியில் சுற்றுச்சூழல் அறிவியலும் வேதியியலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

மே மாதத் தேர்வு முடிந்ததும் உங்களில் சிலர் காஷ்மீரி கேட்டில் மணாலி பஸ் ஏறுவீர்கள். அங்கிருந்து லாஹுல், சோட்டா ஷிக்ரி பனியாறு. வேறு சிலர் ரிஷிகேஷ் வழியாகக் கங்கோத்ரி. முகப்பில் கூடாரம் அடித்து, பாட்டில் பாட்டிலாக உருகுநீர் பிடித்துக்கொண்டு செப்டம்பரில் திரும்புவீர்கள். கோவாவில் இருக்கும் தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் வழியாக அன்டார்க்டிகா போகும் கொடுப்பினை ஓரிருவருக்கு வாய்க்கலாம். எல்லாம் சந்தோஷம்தான். எனக்கு ஒரே ஒரு மனக்குறை: நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பனி தன்னிடம் இருந்த சரக்கில் பெரும்பகுதியை இறக்கிவிட்டிருக்கும்.

விஷயம் இதுதான். வானத்திலிருந்து விழும் வெண்பனியில் கொஞ்சம் கடல் உப்பு இருக்கும், கொஞ்சம் தூசி இருக்கும், நாம் எரித்த நிலக்கரியும் டீசலும் விட்டுப்போன சல்ஃபேட்டும் நைட்ரேட்டும் இருக்கும். விழுந்து கிடக்கும்போதுதான் மாற்றம் நடக்கிறது. பகலில் வெயில் பட்டும் இரவில் உறைந்தும் வாரக்கணக்கில் கிடக்கிற பனிப்படுகையில் சின்னத் துகள்கள் ஆவியாகிப் பெரிய துகள்களின் மேல் படியும். அப்படி வளரும் பனிப்படிகத்துக்குள் பெரும்பாலும் நீர் மூலக்கூறுக்குத்தான் இடம். சல்ஃபேட் மாதிரிப் பருத்த அயனிகளை அது உள்ளே சேர்க்காது, துகளின் மேற்பரப்புக்குத் தள்ளிவிடும். வெயில் ஏறி முதல் சொட்டு உருகிக் கசியும்போது அந்த மேற்பரப்பைக் கழுவிக்கொண்டுதான் கீழே இறங்குகிறது.

1978இல் யோஹன்னசென், ஹென்ரிக்சன் என்ற இரண்டு நார்வேக்காரர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். உருகுநீரில் முதல் 30 சதவீதம் வெளியேறுவதற்குள்ளாகவே, பனியில் இருந்த மாசில் 50 முதல் 80 சதவீதம் போய்விடுகிறது. முதன்முதல் சொட்டுகளில் செறிவு, பனியின் சராசரியைவிட ஐந்து மடங்குக்கு மேல்கூட ஏறியிருந்தது. போவதிலும் ஒரு வரிசை உண்டு. சல்ஃபேட்டும் நைட்ரேட்டும் முந்திக்கொள்ளும். குளோரைடு பனிப்படிகத்துக்குள் ஓரளவு ஒட்டிக்கொள்ளக்கூடியது, அதனால் மெதுவாகத்தான் கிளம்பும். ஒரே பனியிலிருந்து முதல் நாள் வரும் நீரும் பத்தாம் நாள் வரும் நீரும் அயனி விகிதத்திலேயே வேறாக இருக்கும்.

பனியை ஒரு வாளியில் அள்ளிவந்து ஆய்வுக்கூடத்தில் உருக்கி அளந்தால் கிடைப்பது சராசரி. அந்தச் சராசரி நீர் எந்த ஓடையிலும் ஓடியதே இல்லை. மீனோ பாசியோ அதைச் சந்தித்ததும் இல்லை. 1975 வசந்தத்தில் நார்வேயின் தொவ்தால் ஆற்றில் டிரௌட் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்ததற்குக் காரணம் ஆண்டு முழுக்க ஓடிய அமிலம் கிடையாது, பனி உருகத் தொடங்கிய நாட்களில் வந்த அமிலம்தான். அமில நீர் மண்ணிலிருந்து அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும். அது மீனின் செவுளில் போய்ப் படியும், மீன் மூச்சுத் திணறும். ஆண்டுச் சராசரி பிஎச் அட்டவணையை வைத்துக்கொண்டு இதை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

"இமயத்தில் அப்படி மீன் செத்ததாகக் கேள்விப்படவில்லையே" என்று உங்களில் கெட்டிக்காரர் யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் பனி நார்வே பனி மாதிரி இல்லை. குளிர்காலத்தில் இமயத்துக்குப் பனி கொண்டுவருபவை மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள். மேற்கு ஆசியாவின் வறண்ட நிலங்களிலிருந்தும் தாரிலிருந்தும் வரும் தூசியில் சுண்ணாம்பு இருக்கிறது, அது அமிலத்தைப் பெருமளவு அடக்கிவிடும். ஆனால் நைட்ரஜனைச் சுண்ணாம்பு அடக்காது. கங்கைச் சமவெளி உலகத்திலேயே காற்றில் அம்மோனியா மிக அதிகமாக இருக்கும் பகுதிகளில் ஒன்று என்பதைச் செயற்கைக்கோள் படங்களே காட்டுகின்றன. வயலுக்குப் போடும் யூரியா, மாட்டுத்தொழுவம், சாக்கடை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. வண்டிப் புகையிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் வேறு. இதில் ஒரு பங்கு மலையேறிப் பனியில் படிகிறது. அது ஏப்ரல், மே மாத முதல் உருகலில் ஒட்டுமொத்தமாக இறங்கினால், சந்திரதால் மாதிரி நைட்ரஜனுக்கு ஏங்கிக் கிடக்கும் உயர்மலை ஏரியில் பாசிக்கு அது ஆண்டு விருந்து. 2005 முதல் ராம்சர் பட்டியலில் இருக்கும் ஏரி அது. அதன் கரையில் ஆகஸ்டில் நின்று பிடிக்கும் பாட்டிலில் அந்த விருந்தின் எச்சில் இலைகூட இருக்காது.

முன்பு ஒரு சாக்கு இருந்தது. ரோதாங் கணவாய் பனியில் மூடிக் கிடக்கும், பெரும்பாலும் மே மாதம்வரை லாஹுலுக்குப் போகவே முடியாது. 2020 அக்டோபர் 3ஆம் தேதி அடல் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து அந்தச் சாக்கு போயிற்று. 9 கிலோமீட்டர் சுரங்கம் தாண்டினால் சிசு, அதற்கு மேல் கேலாங். மார்ச்சிலேயே சுற்றுலாக் கும்பல் அங்கே போய்ப் பனியில் சறுக்கிவிட்டு வருகிறது. சோட்டா ஷிக்ரிக்குப் போகும் மேல்பாதை அப்போது திறந்திருக்காதுதான். ஆனால் முதல் உருகலைப் பார்க்கப் பனியாற்றின் முகப்புவரை போக வேண்டிய அவசியம் இல்லை. சிசுவின் சரிவில் கிடக்கும் பனியும் பனிதான்.

பனியிலிருந்து ஓடைக்கு வருவோம். இங்கேதான் பாடப்புத்தகம் உங்களைக் கொஞ்சம் குழப்பிவிடுகிறது. குளிரில் வேதிவினை மந்தம் என்று படித்திருப்பீர்கள். அதனால் பனியாற்றுக்கு அடியில், பூஜ்யம் டிகிரியில், பாறை கரைவது சொற்பம்தான் என்று தோன்றும். போய் அளந்து பாருங்கள். சோட்டா ஷிக்ரிக்கு அடியில் கிடப்பது பெரும்பாலும் கிரானைட், நைஸ் வகைப் பாறை. சுண்ணாம்புப் பாறை கிடையாது. ஆனால் அங்கிருந்து வரும் உருகுநீரில் முதலிடம் கால்சியத்துக்கும் பைகார்பனேட்டுக்கும்தான், அடுத்தது சல்ஃபேட். கிரானைட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத கால்சைட் நரம்புகள் எப்படி மொத்த நீரின் குணத்தையே தீர்மானிக்கின்றன?

மூன்று காரணங்கள் கைகோத்துக்கொள்கின்றன. பனியாறு பாறையை அரைத்து மாவாக்குகிறது. பாகீரதி கோமுகத்தில் பால் கலந்த மாதிரி வெளுத்துப் பாய்வது இந்த மாவால்தான். மாவானதும் பரப்பளவு பல ஆயிரம் மடங்கு கூடுகிறது. அடுத்து, கார்பன் டை ஆக்சைடு சூடான நீரைவிடக் குளிர்ந்த நீரில் அதிகம் கரையும், கால்சைட்டும் அப்படித்தான். குளிரக் குளிர அதிகம் கரையும் உப்புகளில் அது ஒன்று. கெட்டிலில் வெந்நீர் வைத்தால் அடியில் சுண்ணாம்பு படிவது இதன் மறுபக்கம். கடைசியாக, பாறையில் ஆங்காங்கே மின்னும் பைரைட். அரைபட்ட பைரைட்டை ஆக்சிஜன் தொட்டால் கந்தக அமிலம் பிறக்கும். அந்த அமிலம் பக்கத்திலிருக்கும் கால்சைட்டைக் கரைக்கும். சல்ஃபேட்டும் கால்சியமும் சேர்ந்தே வருவது இதனால். ஃபெல்ட்ஸ்பாருக்கு இந்தப் பந்தயத்தில் ஓடவே முடியாது. அதுதான் சிலிக்கா குறைவாக இருக்கக் காரணம்.

இதே பைரைட் இன்று அலாஸ்காவின் வடகோடியில் வேறு வேடம் போடுகிறது. புரூக்ஸ் மலைத்தொடரில் 75 ஓடைகள் ஆரஞ்சு நிறமாகிவிட்டதாக 2024இல் ஓர் ஆய்வு வந்தது. நிரந்தரமாக உறைந்து கிடந்த மண் இளகி, காற்றே படாமல் இருந்த சல்ஃபைடு கனிமங்கள் வெளிப்பட்டு, இரும்பும் அமிலமும் ஓடையில் இறங்குகின்றன. சில இடங்களில் அமிலத்தை அடக்கப் பக்கத்தில் போதுமான கால்சைட் இல்லை. வேதியியல் ஒன்றுதான், துணைக்கு நிற்கும் பாறைதான் வேறு.

ஓடையிலும் நேரம்தான் எல்லாம். விடியற்காலை ஐந்து மணிக்கு முகப்பில் மின்கடத்துதிறன் மீட்டரை விடுங்கள், உயர்ந்த எண் காட்டும். இரவெல்லாம் பனியாற்றுக்கு அடியில் பாறையோடு உறவாடிவிட்டு மெல்ல வந்த நீர் அது. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு வெள்ளம் பெருகியிருக்கும், எண் இறங்கியிருக்கும், ஏனென்றால் மேற்பரப்பில் உருகி நேராகக் குழாய் மாதிரி வந்து விழும் நீர்தான் அப்போது அதிகம். பகல் பதினோரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போய்ப் பிடித்த ஒரே பாட்டிலை வைத்து "இந்தப் பனியாற்றின் வேதித்தன்மை" என்று ஆய்வேடு எழுதுகிறவர்களை நான் அறிவேன். அந்த ஆய்வேடுகளில் இருப்பது பதினோரு மணியின் வேதித்தன்மை.

ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு இதில் நல்ல பாரம்பரியம் இருக்கிறது. சையத் இக்பால் ஹஸ்னைன் காலத்திலிருந்து கங்கோத்ரி நீரையும் மற்ற பனியாற்று நீரையும் அங்கே ஆராய்ந்து வருகிறார்கள். 2002 முதல் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து சோட்டா ஷிக்ரியின் பனிக் கையிருப்பை ஆண்டுதோறும் கணக்கெடுத்ததில் நம்மூர்க்காரரான பேராசிரியர் அ. இராமநாதனின் பங்கு பெரிது. இமயத்தில் இவ்வளவு நீண்ட தொடர் கணக்குகள் கைவிரல்களுக்குள் அடங்கும். நான் கேட்பதெல்லாம் அந்தக் கணக்கின் முன்பக்கத்தில், மார்ச் முதல் மே வரை, சில பக்கங்கள் சேர்க்க வேண்டும் என்பதுதான்.

அன்டார்க்டிகாவின் ஏரிகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் அங்கே இதே வேதியியல் உச்சத்துக்குப் போகிறது. நம் மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் சோலை சுமார் 35 சதுர கிலோமீட்டர் பாறைத் திட்டு. நூற்றுக்கு மேல் ஏரிகள். மைத்ரிக்குக் குடிநீர் தரும் பிரியதர்ஷினி ஏரி அவற்றில் ஒன்று. அங்கே பனி உருகி ஏரியில் விழுந்து வழிந்து ஓடிக்கொண்டே இருப்பதால் பல ஏரிகளில் உப்பு சேர வழியில்லை, சத்தும் சேர வழியில்லை. வடக்கு ஓரத்து ஏரிகளில் சிலவற்றின் நீர்மட்டம் கடலின் ஏற்றவற்றத்தோடு ஏறி இறங்கும், கடற்கரையோ பல பத்துக் கிலோமீட்டர் தொலைவில். பனித்தட்டுக்கு அடியில் கடல் வந்து தொட்டுவிட்டுப் போகிறது. 2012இல் நம் பாரதி நிலையம் அமைந்த லார்ஸ்மன் குன்றுகளில் கதை வேறு. கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் வரும் உப்புச் சாரல்தான் ஏரிகளின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

வெளியேற வழியில்லாத ஏரியில் என்ன நடக்கும்? மேலே பனிக்கட்டி மூடி வளரும். அந்த மூடியும் அயனிகளை உள்ளே விடாது, கீழே தள்ளும். வெண்பனித் துகள் தன் மேற்பரப்புக்கு எதைத் தள்ளியதோ, அதைத்தான் ஏரியின் பனிமூடி அடிநீருக்குத் தள்ளுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படி உறைந்தும் நீர் ஆவியாகியும் வந்தால் வெஸ்ட்ஃபோல்ட் குன்றுகளின் டீப் ஏரி மாதிரி ஆகிவிடும், கடலைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு உப்பு, குளிர்காலத்திலும் உறையாது. குளிர் ஏற ஏற எந்த உப்பு முதலில் படியும் என்பதற்கும் வரிசை உண்டு. சோடியம் சல்ஃபேட் முதலில் மிராபிலைட்டாகப் படிந்து ஒதுங்கும். சோடியம் குளோரைடு பூஜ்யத்துக்கு 23 டிகிரி கீழே வரை தாக்குப்பிடிக்கும். கடைசிவரை கரைசலில் நிற்பது கால்சியம் குளோரைடு. 1961இல் கண்டுபிடிக்கப்பட்ட டான் வான் குட்டை முழுக்க அதுதான், பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியிலும் திரவம். அந்தக் குட்டை இருக்கும் ரைட் பள்ளத்தாக்கிலேயே வாண்டா ஏரியும் இருக்கிறது. கோடையில் மட்டும் 32 கிலோமீட்டர் உள்நாட்டை நோக்கி ஓடி அதில் விழும் ஓனிக்ஸ்தான் அன்டார்க்டிகாவின் நீளமான ஆறு. வாண்டாவின் மேலே பனிமூடி, அடியில் 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பான உப்புநீர். வெயில் தெளிந்த பனிக்கட்டியை ஊடுருவி அடிநீரைச் சூடாக்குகிறது. உப்பால் கனத்துப்போன அந்த நீர் சூடானாலும் மேலே எழுவதில்லை. தில்லி ஜனவரியில் நாம் அறைக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும்போது நினைத்துப் பார்க்க வேண்டிய ஏரி.

துருவத்தில் முதல் உருகலைப் பிடிக்க இப்போது நமக்கு வழி திறந்திருக்கிறது. ஸ்வால்பார்டின் நியூ ஓலசுண்டில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது. பல ஆண்டுகள் அது கோடையில்தான் இயங்கியது. 2023 டிசம்பரில் முதல் குளிர்கால அணியை இங்கே தில்லியிலிருந்துதான் வழியனுப்பினார்கள். குளிர்காலம் முழுக்க ஆள் இருந்தால் துருவ விடியலைப் பார்க்கலாம். பல மாத இருட்டுக்குப் பிறகு வெயில் திரும்பும் நாட்களில் கடல் உப்பின் புரோமின் விழித்துக்கொண்டு காற்றிலிருக்கும் பாதரசத்தை ஆக்சிஜனேற்றம் செய்து பனியில் படிய வைக்கிறது. 1995இல் கனடாவின் அலெர்ட்டில் முதலில் கண்டது அது. படிந்ததில் ஒரு பங்கு வெயிலில் மறுபடி காற்றுக்கே போய்விடும். எஞ்சியது உருகுநீரோடு இறங்கும். ஜூலையில் போய் இறங்கும் அணிக்கு இந்த நாடகத்தில் கடைசிக் காட்சிகூடக் கிடைக்காது. அன்டார்க்டிகாவிலும் குளிர்கால அணி நவம்பரில் அங்கேதான் இருக்கிறது. கோடை அணியின் கப்பல் வந்து சேர்வதற்குள் பிரியதர்ஷினியின் கரையோரம் ஈரமாகத் தொடங்கிவிடும். குளிர்கால அணியில் மருத்துவரும் மின்பணியாளரும் சமையற்காரரும் கட்டாயம் இருக்கிறார்கள், நீர் வேதியியல் தெரிந்த ஒருவரும் கட்டாயமாக வேண்டும் என்பது என் கட்சி.

நம் குழாயடிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்கு தில்லியில் நாங்கள் குடிப்பது பெரும்பாலும் கங்கை நீர்தான். தெஹ்ரி அணை, ஹரித்வார், மேல் கங்கைக் கால்வாய், முராத்நகர், அங்கிருந்து குழாயில் சோனியா விஹாருக்கும் பாகீரதி சுத்திகரிப்பு நிலையத்துக்கும். தசராவையொட்டிக் கால்வாயைத் தூர்வார மூடும் நாட்களில் எங்கள் பக்கம் வாளியோடு அலைவது ஆண்டு வழக்கம். ஆர்ஓ இயந்திரம் விற்க வரும் பையன் டிடிஎஸ் மீட்டரை டம்ளரில் முக்கி ஓர் எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவான். 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓ வேண்டாம் என்றே சொன்னது. அந்த மீட்டருக்குக் கால்சியமும் தெரியாது, நைட்ரேட்டும் தெரியாது, பாதரசம் கலந்திருந்தால் கண்டுபிடிக்கவும் வக்கில்லை. மொத்தம் எவ்வளவு என்பது மட்டும்தான் அதன் அறிவு. யமுனைப் பக்கத்தில் வசீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்கள் குளிர்காலத்தில் அவ்வப்போது உற்பத்தியைக் குறைப்பது அம்மோனியா வரம்பு மீறும் நாட்களில்தான். ஆண்டுச் சராசரியைப் பார்த்து யாரும் மோட்டாரை நிறுத்துவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். உருகுநீர் வேலையில் சாமர்த்தியத்தைவிடப் பொறுமை முக்கியம். நீர் அவ்வளவு தூய்மையாக இருக்கும், உங்கள் விரல் வியர்வையே ஒரு மாசு. பாட்டிலை அமிலத்தில் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசி, களத்தில் அதே ஓடை நீரால் மறுபடி அலசிப் பிடியுங்கள். 0.45 மைக்ரான் வடிதாளில் உடனே வடிகட்டுங்கள். பாறை மாவை வடிகட்டாமல் விட்டால் பாட்டிலுக்குள்ளேயே அது கரைந்துகொண்டு தில்லிவரை வரும், நீங்கள் அளப்பது பயணத்தின் வேதியியலாக இருக்கும். நேர் அயனிகளுக்கு ஒரு பாட்டில், நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு. எதிர் அயனிகளுக்கு அமிலம் விடாத பாட்டில் தனியாக. மாற்றி விட்டால் நைட்ரேட் எண் வானத்துக்குப் போகும். காரத்தன்மையைக் கூடாரத்திலேயே டைட்ரேஷன் செய்துவிடுங்கள். பிஎச் மின்முனை இவ்வளவு மெல்லிய நீரில் அலைபாயும். எண் நிலைக்கப் பத்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள், விரல் விறைத்துப்போகும், பரவாயில்லை. திரும்பிவந்ததும் நேர் அயனிகளையும் எதிர் அயனிகளையும் கூட்டிப் பாருங்கள். மளிகைக்கடை வரவு செலவு மாதிரி இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் துண்டு விழுந்தால் எதையோ அளக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சிசுவில் முதல் உருகல் தொடங்கியதும் பத்துப் பன்னிரண்டு நாள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு பாட்டில், இரவிலும். இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டால் முடிகிற காரியம். செமஸ்டர் நடுவில் விடுப்பு கேட்டால் வழிகாட்டி முகம் சுளிப்பார். 1978ஆம் ஆண்டுக் கட்டுரையை அவர் மேஜையில் வைத்துவிட்டுக் கேளுங்கள். ஹிமாத்ரிக்கோ மைத்ரிக்கோ விண்ணப்பிக்கிறவர்கள் திட்ட வரைவில் "முதல் உருகல்" என்ற தலைப்பைத் தனியாக வைத்து, குளிர்கால அணியோடு தங்கச் சம்மதம் என்று எழுதுங்கள். சிசுவுக்குப் போகிறவர்கள் டிசம்பர் விடுமுறை முடிந்து ஊரிலிருந்து வந்ததும் பாட்டில்களை அமிலத்தில் ஊறப் போட்டுவிடுங்கள். மார்ச்சில் தொடங்கினால் நேரம் போதாது.

அன்புடன்,
மயூர் விஹாரிலிருந்து
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்